எட்டு டம்ளர் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

கேள்வி: வணக்கம் மேடம். நான் கல்லூரி முதலாண்டு மாணவி. 'உடலுக்கு எவ்வளவு தண்ணீர் தேவை?' என்று ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். ஏழு ஆதாரங்கள் காட்டியிருந்தேன். நான்கு உடல்நல இணையதளங்கள், ஒன்று விக்கிப்பீடியா, இரண்டு செயற்கை நுண்ணறிவுச் செயலி எடுத்துக் கொடுத்த ஆய்வுக் கட்டுரைகள். 'நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை, திருத்தி எழுதவும்' என்று பேராசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். எல்லாத் தளங்களும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. எல்லோரும் ஒன்றையே சொல்லும்போது அது எப்படித் தவறாகும்? ஆய்விதழ்களைத் திறந்தால் பணம் கேட்கிறது, திறந்தாலும் புரியவில்லை. இரண்டு வாரம்தான் அவகாசம். கட்டுரையை இணைத்திருக்கிறேன்.

பதில்: கட்டுரையையும் சேர்த்து அனுப்பியது நல்லதாயிற்று. நடை தெளிவாக இருக்கிறது. சொல்ல வந்ததைக் கோவையாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஆகவே முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை. இரண்டு வாரம் தாராளமாகப் போதும்.

உங்கள் கடிதத்திலேயே மிக நல்ல கேள்வி, எல்லோரும் ஒன்றையே சொல்லும்போது அது எப்படித் தவறாகும் என்பதுதான். ஒரு நூலகராகப் பல ஆண்டுகளாக மாணவர்களோடு உட்கார்ந்து ஆதாரம் தேடியிருக்கிறேன். பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் இதுதான். அதனால் இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

உங்கள் கட்டுரையின் முதல் வரி: "ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு எட்டு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது அறிவியல் நிரூபித்த உண்மை." இதற்குத்தான் அந்த நான்கு தளங்களையும் காட்டியிருக்கிறீர்கள். நான்கையும் திறந்து பார்த்தேன். முதல் தளத்தில் எழுதியவர் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. 'நிபுணர்கள் கூறுகிறார்கள்' என்று மட்டும் இருக்கிறது. எந்த நிபுணர் என்று கடைசி வரை சொல்லவில்லை. இரண்டாவது தளம் அந்த வரிக்கு ஓர் இணைப்பு கொடுத்திருக்கிறது. அழுத்தினால் முதல் தளத்துக்கே போய்ச் சேருகிறது. மூன்றாவது, தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்பவர்களுடைய பக்கம். நான்காவதை ஒரு மருத்துவர் எழுதியிருக்கிறார். பெயர், படிப்பு எல்லாம் இருக்கின்றன. ஆனால் எட்டு என்ற எண் எப்படி வந்தது என்று அவரும் எதையும் காட்டவில்லை. நான்கு சாட்சிகள் இருப்பதாக நினைத்துவிட்டீர்கள். நால்வரில் ஒருவர்கூட நேரில் பார்த்தவர் இல்லை. எல்லோரும் யாரோ சொல்லக் கேட்டவர்கள். கேட்டுச் சொல்பவர்கள் நாலு பேராக இருந்தாலும் நானூறு பேராக இருந்தாலும் சாட்சியின் கனம் கூடாது.

சரி, முதலில் சொன்னது யார்? இதை உங்களுக்கு முன்பே ஒருவர் கேட்டிருக்கிறார். சிறுநீரகத்தின் இயக்கத்தை நெடுங்காலம் ஆராய்ந்த ஹைன்ஸ் வால்டின் என்பவர். எட்டு டம்ளர் விதிக்கு அறிவியல் சான்று இருக்கிறதா என்று தேடி, 2002இல் அமெரிக்க உடலியல் கழகத்தின் ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார். அப்படி ஒரு சான்று தனக்குக் கிடைக்கவில்லை என்பதே அவர் முடிவு. அந்த எண் எங்கே முளைத்திருக்கலாம் என்றும் தேடிப் பார்த்திருக்கிறார். அவர் காட்டும் இடங்களில் ஒன்று, அமெரிக்காவின் உணவு மற்றும் ஊட்டச்சத்து வாரியம் 1945இல் வெளியிட்ட பரிந்துரை. அதில் அடுத்தடுத்து மூன்று செய்திகள் இருக்கின்றன. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் நாளொன்றுக்கு 2.5 லிட்டர் தண்ணீர் பொருத்தமானது. சாப்பிடும் உணவின் ஒவ்வொரு கலோரிக்கும் 1 மில்லிலிட்டர் என்பது பொதுவான கணக்கு. இந்த அளவில் பெரும்பகுதி நாம் உண்ணும் உணவிலேயே அடங்கியிருக்கிறது.

மூன்றாவது செய்தியை இன்னொரு முறை படியுங்கள். கைமாறும்போது உதிர்ந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது வால்டினின் ஊகம். முதல் செய்தி மட்டும் ஊரெல்லாம் சுற்றி, லிட்டர் டம்ளராகி, 'பொருத்தமானது' என்பது 'கட்டாயம்' ஆகிவிட்டது. இதை ஊகம் என்றே அவரும் சொல்கிறார், நீங்களும் ஊகம் என்றே எழுத வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் பேசியது மிதமான தட்பவெப்பத்தில், கடும் உடலுழைப்பு இல்லாமல் வாழும் உடல்நலமுள்ள பெரியவர்களைப் பற்றி மட்டும். வெயிலில் வேலை செய்பவர்களுக்கும், சிறுநீரகக் கல் போன்ற தொல்லை உள்ளவர்களுக்கும் கணக்கு வேறு. 'தண்ணீர் அதிகம் குடிக்கத் தேவையில்லை என்று வால்டின் நிரூபித்தார்' என்று எழுதினால், அந்த மூன்றாம் வாக்கியத்தை உதிர்த்தவர்கள் செய்ததையே நீங்களும் செய்தவராவீர்கள்.

ஆதாரத்தை எடை போடுவது என்றால் நான் சொல்வது இதைத்தான். ஒரு செய்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, அது வந்த வழியிலேயே பின்னால் நடப்பது. ஒவ்வொரு படியிலும் 'இதை இவருக்குத் தெரிய என்ன வழி?' என்று கேட்பது. அளந்தவர், எண்ணியவர், நேரில் இருந்தவர், அல்லது அப்படிப்பட்டவர்கள் எழுதியதை எல்லாம் படித்துத் தொகுத்தவர் வரும்வரை நடக்க வேண்டும். வழி பாதியில் மறைந்துவிட்டால் அந்தச் செய்தியை உண்மை என்று எழுத உங்களுக்கு உரிமை இல்லை. 'பரவலாகச் சொல்லப்படுகிறது' என்று எழுதலாம், அதற்குமேல் முடியாது.

பக்கத்தைப் பார்த்தே நம்பகத்தன்மையைக் கண்டுபிடித்துவிடலாம் என்று பலருக்கும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அச்சு அழகாக இருக்கிறதா, முகவரி '.ஆர்க்' என்று முடிகிறதா, கீழே அடிக்குறிப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். '.ஆர்க்' முகவரியைக் காசு கட்டி யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் இதை ஒரு சோதனையாகவே செய்து பார்த்தார்கள். வரலாற்றுப் பேராசிரியர்கள் 10 பேர், செய்திகளின் உண்மையைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேர், மாணவர்கள் 25 பேர். குழந்தை மருத்துவர்களுடைய இரண்டு அமைப்புகளின் பக்கங்களைக் கொடுத்து, எதை நம்பலாம் என்று கேட்டார்கள். ஒன்று 1930 முதல் இயங்கும், பல்லாயிரம் உறுப்பினர்களைக் கொண்ட பெரிய அமைப்பு. மற்றொன்று 2002இல் அதிலிருந்து கொள்கை வேறுபாட்டால் பிரிந்துபோன மிகச் சிறிய குழு. பெயர்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும், பக்கங்களும் பார்க்க ஒரே தரம்தான். மாணவர்களில் பலர் அந்தப் பக்கங்களையே மேலும் கீழும் உருட்டிப் படித்து ஏமாந்தார்கள், பேராசிரியர்களில் சிலரும் தடுமாறினார்கள். சரிபார்ப்பவர்கள் அந்தப் பக்கத்தில் சில நொடிகளுக்குமேல் நிற்கவில்லை. புதிய தாவல்களைத் திறந்து, இந்த அமைப்பு யார், மற்றவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று வெளியே தேடினார்கள். விஷயம் சீக்கிரமே தெரிந்துவிட்டது.

ஒருவரைப் பற்றித் தெரிய வேண்டுமானால் அக்கம்பக்கத்தில் விசாரிப்போம் இல்லையா, அதேதான். புதிய தளம் ஒன்றைக் கண்டால் உள்ளே படிப்பதற்கு முன் அதன் பெயரைத் தேடுபொறியில் போட்டு, அது தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை விட்டுவிட்டு, பிறர் சொல்வதைப் படியுங்கள். ஒரு நிமிட வேலை.

அடுத்து விக்கிப்பீடியா. அதைப் படித்ததில் தவறே இல்லை. புதிய தலைப்பில் நுழையும்போது நானும் அங்கேதான் தொடங்குகிறேன். அங்கேயே நின்றுவிட்டதுதான் சிக்கல். அந்தப் பக்கத்தின் அடியில் உள்ள அடிக்குறிப்புகள்தான் உங்களுக்கு வேண்டியவை. அவற்றைத் திறந்து, மேலே சொன்னது அங்கே உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். அடிக்குறிப்பையும் சும்மா நம்பிவிடக் கூடாது. தென் அமெரிக்காவில் கோட்டி என்று ஒரு விலங்கு உண்டு. 2008இல் ஒரு மாணவர் அந்த விலங்கின் விக்கிப்பீடியா பக்கத்தில், அதற்குப் 'பிரேசிலிய ஆர்ட்வார்க்' என்றும் பெயர் உண்டு என்று விளையாட்டாகச் சேர்த்துவிட்டார். செய்தித்தாள்கள் அதை எடுத்து எழுதின. பிறகு அந்தச் செய்தித்தாளையே விக்கிப்பீடியா பக்கத்தில் ஆதாரமாகக் காட்டினார்கள். பொய் தன் வாலைத் தானே பிடித்துக்கொண்ட கதை. உங்கள் இரண்டாவது தளம் முதல் தளத்தைக் காட்டியதும் கிட்டத்தட்ட இதுதான்.

இனி, செயலி கொடுத்த அந்த இரண்டு ஆய்வுக் கட்டுரைகள். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டின் தலைப்புகளையும் மேற்கோள் குறிக்குள் போட்டு, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் தேடினேன். இல்லை. அந்த ஆய்விதழின் தளத்துக்கே போய், நீங்கள் குறிப்பிட்ட தொகுதியையும் பக்கத்தையும் பார்த்தேன். ஆய்விதழ் உண்மையானது, தொகுதியும் இருக்கிறது, அந்தப் பக்கத்தில் வேறு யாரோ வேறு எதைப் பற்றியோ எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது கட்டுரைக்கு டி.ஓ.ஐ. எண்ணும் கொடுத்திருந்தீர்கள். ஆய்வுக் கட்டுரைகளுக்குத் தரப்படும், 10 என்று தொடங்கும் நிலையான அடையாள எண் அது. அதைத் தேடினால் அப்படி ஓர் எண்ணே இல்லை என்று வருகிறது. இந்தச் செயலிகள் அடுத்து என்ன சொல் வரக்கூடும் என்று கணித்து எழுதுபவை. ஆய்வுக் கட்டுரையின் தலைப்பு எப்படி இருக்கும் என்பது அவற்றுக்கு நன்றாகத் தெரியும்; அதனால் உண்மை போலவே ஒன்றைக் கட்டிவிடுகின்றன. 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் இப்படிச் செயலி கொடுத்த, நடக்கவே நடக்காத வழக்குகளின் தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டி, 5,000 டாலர் அபராதத்துக்கு ஆளானார்கள். தொழில் தெரிந்தவர்களே ஏமாறும் இடம் இது. உங்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இன்றிலிருந்து, நீங்களே திறந்து படிக்காத எதுவும் உங்கள் ஆதாரப் பட்டியலில் இருக்கக் கூடாது. செயலியிடம் கேட்கவே கூடாது என்பதில்லை. 'இந்தத் தலைப்புக்கு ஆய்வாளர்கள் என்னென்ன சொற்களைப் பயன்படுத்துவார்கள்?' என்று கேளுங்கள், அது உதவும்.

அந்தச் சொற்கள் ஏன் முக்கியம் என்றால், தேடல் பாதி தோற்பது அங்கேதான். 'எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்' என்று முழுக் கேள்வியாகப் போட்டால், அதே கேள்வியைத் தலைப்பாக வைத்திருக்கும் தளங்கள்தான் வரிசையாக வரும். ஆய்வாளர்கள் அப்படி எழுதுவதில்லை. 'ஹைட்ரேஷன்', 'ஃப்ளூயிட் இன்டேக்', 'வாட்டர் ரிக்வயர்மென்ட்' போன்ற துறைச் சொற்களை ஆங்கில எழுத்தில் போட்டுத் தேடுங்கள். மருத்துவம் சார்ந்த தலைப்பு என்பதால் கூகுள் ஸ்காலரோடு, மருத்துவ ஆய்வுகளுக்கான தேடுதளமான பப்மெட்டையும் பாருங்கள். முதலில் மீளாய்வுக் கட்டுரைகளை எடுங்கள். ஒரு தலைப்பில் வந்த பல ஆய்வுகளை ஒருவரோ சிலர் சேர்ந்தோ படித்து, எது வலுவானது, எது இல்லை என்று சொல்லியிருப்பார்கள். முதலாண்டில் அதைவிட நல்ல நுழைவாயில் இல்லை. ஸ்காலரில் ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே 'சைட்டட் பை' என்று ஓர் இணைப்பு இருக்கும். அந்தக் கட்டுரையைப் பின்னால் வந்தவர்கள் யார் யார் எடுத்தாண்டார்கள் என்று அது காட்டும். அடிக்குறிப்பு உங்களைப் பின்னோக்கி அழைத்துப் போகும், இது முன்னோக்கி.

உங்கள் தலைப்புக்கே இரண்டு சொல்கிறேன். வால்டினுக்குப் பிறகு, 2004இல் அமெரிக்காவின் மருத்துவக் கழகம் (இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்) ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. உணவில் இருப்பதையும் எல்லாப் பானங்களையும் சேர்த்து, பெண்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 2.7 லிட்டர், ஆண்களுக்குச் சுமார் 3.7 லிட்டர் நீர் போதுமானது என்று அது சொல்கிறது. இத்தனை டம்ளர் என்று எந்தக் கணக்கும் வைக்கவில்லை. உடல்நலமுள்ள பெரும்பாலோருக்குத் தாகமே போதிய வழிகாட்டி என்கிறது. அப்புறம் 2022இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் வந்த ஓர் ஆய்வு. 23 நாடுகளில், பிறந்து 8 நாளான குழந்தை முதல் 96 வயது வரை 5,604 பேரின் உடலில் நாளொன்றுக்கு எவ்வளவு நீர் வந்து வெளியேறுகிறது என்று அளந்தார்கள். வயது, உடல் அளவு, உழைப்பு, தட்பவெப்பம் எல்லாவற்றையும் பொறுத்து அந்த அளவு மிகவும் மாறுகிறது. அளந்தவர்கள் இவர்கள். உங்கள் முதல் வரிக்கு எதிரே இவர்களை நிறுத்திப் பாருங்கள்.

பணம் கேட்கும் கட்டுரைகளுக்கு வழி உண்டு. ஸ்காலரில் ஒரே கட்டுரையின் எல்லா வடிவங்களையும் காட்டும் இணைப்பைத் திறந்தால், ஆசிரியரே தன் பல்கலைக்கழகப் பக்கத்தில் இலவசமாகப் போட்டிருக்கும் பிரதி பல நேரம் கிடைக்கும். பப்மெட் சென்ட்ரலில் முழுக் கட்டுரைகள் இலவசம். உங்கள் கல்லூரி நூலகம் சந்தா கட்டியிருக்கலாம், வேறு நூலகத்திலிருந்து வரவழைத்தும் தரலாம். கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள், நாங்கள் அதற்குத்தான் இருக்கிறோம். எதுவும் கிடைக்காவிட்டால் ஆய்வாளருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் எழுதுங்கள். தன் கட்டுரையை ஒரு மாணவி தேடிப் படிக்கிறாள் என்றால் பலரும் மகிழ்ச்சியாகவே அனுப்புவார்கள்.

ஆய்விதழில் வந்துவிட்டால் மட்டும் ஒன்று உண்மையாகிவிடுமா? இல்லை. துறை அறிந்தவர்கள் படித்துப் பார்த்தார்கள் என்பதுதான் அதன் பொருள். அந்தப் படிப்பும் எல்லா இடத்திலும் நடப்பதில்லை. 2013இல் ஜான் பொஹனன் என்ற அறிவியல் பத்திரிகையாளர், வேண்டுமென்றே படுமோசமான பிழைகளோடு ஒரு போலி ஆய்வை எழுதி 304 ஆய்விதழ்களுக்கு அனுப்பினார். 157 ஏற்றுக்கொண்டன. பெயர் பெற்ற இதழ்களும் தவறும். தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட கட்டுரை 1998இல் 'லான்செட்'டில்தான் வந்தது. அதில் ஆராயப்பட்டவர்கள் 12 குழந்தைகள். 2010இல்தான் இதழ் அதைத் திரும்பப் பெற்றது. அதற்குள் நடந்த கேட்டை எண்ணினால் இன்றும் மனம் கனக்கிறது. ஆகவே கட்டுரையை எடுத்ததும், அது திரும்பப் பெறப்பட்டதா என்று ஆய்விதழின் பக்கத்திலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

புரியவில்லை என்றீர்கள். முதல் வரியிலிருந்து கடைசி வரை கதைபோலப் படித்தால் யாருக்கும் புரியாது. சுருக்கத்தைப் படியுங்கள், பிறகு நேராகக் கடைசிக்குப் போய், ஆய்வாளர்கள் தங்கள் ஆய்வின் குறைகளைச் சொல்லும் பத்தியைப் படியுங்கள். அப்புறம் எத்தனை பேரை ஆராய்ந்தார்கள், அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று பாருங்கள். புள்ளியியல் பகுதியை இந்த ஆண்டு தாண்டிப் போகலாம். யார் பணம் கொடுத்தார்கள் என்பதை மட்டும் தாண்டாதீர்கள். 1967இல் சர்க்கரையையும் இதய நோயையும் பற்றி ஒரு பெரிய மருத்துவ இதழில் மீளாய்வுக் கட்டுரை வந்தது. கொழுப்பின் மேல் பழியைப் போட்டு, சர்க்கரையைப் பின்னுக்குத் தள்ளிய கட்டுரை. சர்க்கரைத் தொழில்துறை அதற்குப் பணம் கொடுத்திருந்தது 2016இல்தான் ஆவணங்களோடு வெளிவந்தது. நிறுவனம் பணம் கொடுத்த ஆய்வெல்லாம் பொய் என்று ஒதுக்க வேண்டாம். 'குடிநீர் நிறுவனம் ஒன்றின் நிதியில் நடந்த ஆய்வு' என்று கட்டுரையிலேயே ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள்.

கடைசியாக, கருவி விற்பவர்களின் அந்தப் பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தண்ணீர் எவ்வளவு தேவை என்பதற்கு அது ஆதாரம் ஆகாது. 'எட்டு டம்ளர் என்ற எண்ணை விற்பனையாளர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள்' என்று ஒரு பத்தி எழுதினால், அதற்கு அதைவிட நேரடியான சான்று கிடையாது. 1945ஆம் ஆண்டுப் பரிந்துரையும் அப்படித்தான். இன்றைய உடலியலுக்கு அது பழையது. ஓர் எண் எப்படி விதியானது என்ற கதைக்கு அதுவே மூலம். ஒரே ஆதாரம் ஒரு வாக்கியத்துக்குப் பொருந்தும், அடுத்த வாக்கியத்துக்குப் பொருந்தாது. எனக்குத் தோன்றுவது, உங்கள் கட்டுரையின் உண்மையான பொருளே இந்தக் கதைதான். முதல் வரியை "நாளொன்றுக்கு எட்டு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று பலரும் சொல்கிறார்கள், அந்த எண்ணுக்கு அறிவியல் சான்று இருக்கிறதா?" என்று மாற்றிப் பாருங்கள். உங்கள் மற்றப் பத்திகளில் பாதிக்குமேல் அப்படியே உட்கார்ந்துவிடும். ஏழு ஆதாரம் வேண்டும் என்று எண்ணிக் கூட்டவும் வேண்டாம். படித்துப் புரிந்துகொண்ட நான்கு போதும் என்றால் நான்கோடு நிறுத்துங்கள்.

திருத்திய கட்டுரையைக் கொடுக்கும் முன், பேராசிரியரை நேரில் பார்த்து அந்த இரண்டு இல்லாத கட்டுரைகளைப் பற்றி நீங்களே சொல்லிவிடுங்கள். எந்தச் செயலி, என்ன கேட்டீர்கள், சரிபார்க்காமல் சேர்த்துவிட்டீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். அவர் கண்டுபிடித்துக் கேட்பதற்கு முன் நீங்கள் போய்ச் சொல்வது நல்லது. நாளையே போங்கள்.